சுழிப்பிழை



போன ஞாயிற்றுக்கிழமை என் புல்லட்டின் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். வண்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஸ்பீடாமீட்டரையும் அதன் பக்கத்தில் சின்னதாக இருக்கும் அம்மீட்டரையும் சுற்றியிருக்கும் பித்தளை வளையத்தைப் பற்றித்தான் அத்தனை பேரும் கேட்டிருந்தீர்கள். "எங்க சார் வாங்கினீங்க?", "ஆன்லைன்ல கிடைக்குமா மாமா?", "எவ்வளவு ஆச்சு சித்தப்பா?" என்று. தனித்தனியாகப் பதில் எழுத ஆரம்பித்து, இரண்டு பேருக்கு எழுதியதும் நிறுத்திவிட்டேன். கடையில் வாங்கிய பொருளாக இருந்தால் ஒரு வரியில் முடிந்துவிடும். இது அப்படியில்லை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். 1987இல் நம் பள்ளியில் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் இருந்தவர்கள் மட்டும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

முதலில் வண்டி. 1986 மாடல், திருவொற்றியூரில் செய்த 350 சிசி புல்லட். அப்போது கம்பெனிக்கு என்ஃபீல்டு இந்தியா என்று பெயர். 1991இல் ஒரு நண்பரிடமிருந்து வாங்கினேன். என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது, என் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, உங்களில் சிலர் பரீட்சைக்கு நேரமாகிவிட்டது என்று பின்னால் தொற்றிக்கொண்டு வந்தது எல்லாம் இதில்தான்.

அம்மீட்டர் எதற்கு என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்கிறீர்கள். இப்போது பட்டனை அமுக்கினால் வண்டி கிளம்பிவிடும். பழைய புல்லட்டை அப்படிக் கிளப்ப முடியாது. சாவியைத் திருப்பிவிட்டு கிக்கரை மெதுவாகக் காலால் அழுத்த வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்போது அம்மீட்டர் முள் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். பாயிண்ட் திறந்ததும் முள் நடுவுக்கு வரும். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். அங்கே டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து கிக்கரை ஒரு விரற்கடை நகர்த்தி, லீவரை விட்டுவிட்டு ஒரே உதை. வண்டி எழுந்துவிடும். முள்ளைப் பார்க்காமல் கண்டபடி உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். என் வலது கணுக்காலைக் கேட்டால் அது சொல்லும்.

போன வருஷம் இரண்டு கண்ணிலும் புரை நீக்கி லென்ஸ் வைத்தார்கள். பார்வை நன்றாகத்தான் வந்தது. ஆனால் எதிர்வெயிலில் கூச்சம் அதிகமாகிவிட்டது. சாயங்கால நேரத்தில் மேற்கே பார்த்து ஓட்டினால், சூரியனைவிட என் வண்டியின் குரோம் வளையம்தான் கண்ணைக் குத்தியது. தொப்பியை இறக்கிப் போட்டால் சூரியன் மறைகிறது, வளையம் மறையவில்லை. கண்ணாடி மாற்றிப் பார்த்தேன், பயனில்லை.

நாற்பது வருஷம் ஒளியியல் பாடம் நடத்தியவன், காரணம் புரிய ஒரு வாரம் ஆனது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்று எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருப்பேன்! தட்டையான பரப்பு என்றால் வெயில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வந்தால்தான் கண்ணுக்குத் திரும்பும். இந்த வளையம் உருண்டது. உருண்ட பரப்பில் எல்லாத் திசையும் பார்த்த புள்ளிகள் உண்டு. சூரியன் எங்கே இருந்தாலும் ஏதாவது ஒரு புள்ளி அதைப் பிடித்து நேராக என் கண்ணில் போடும். வண்டியைத் திருப்பினால் அந்தப் புள்ளியும் நகர்ந்து கூடவே வரும்.

கறுப்பு டேப் ஒட்டினேன். இரண்டு நாள் வெயிலில் பசை உருகிக் கையெல்லாம் ஒட்டியது. கறுப்பு பெயிண்ட் அடித்தேன். குரோம் வழவழப்பில் அது பிடிக்காமல் செதில் செதிலாக உரிந்தது. இதற்கிடையே அம்மீட்டருக்குள் மழைத்தண்ணீர் போய் கண்ணாடி பூத்துவிட்டது. முள்ளும் சிக்கிக்கொண்டது. சென்னையிலிருந்து மகன், "போதும்ப்பா, வண்டியை யாருக்காவது கொடுத்துடுங்க" என்றான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் அவன் பக்கம் என்று அர்த்தம்.

அந்தச் சமயத்தில்தான் கும்பகோணத்தில் ஒரு டீக்கடை வாசலில் வேறொரு புல்லட்டைப் பார்த்தேன். அதன் மீட்டரைச் சுற்றிப் பித்தளை வளையம். வெளி விளிம்பு மட்டும் மினுங்கியது. உள்சரிவு மங்கலான கறுப்பு. வெயிலில் நின்று நாலு பக்கமும் சுற்றிவந்து பார்த்தேன். எங்கேயிருந்தும் கண்ணில் அடிக்கவில்லை. வண்டிக்காரத் தம்பியிடம் கேட்டேன். "நாச்சியார்கோயில்ல ஒரு கடைசல் பட்டறை இருக்குங்கய்யா. குத்துவிளக்கு கடையறவர். மனசு வந்தா இதையும் செஞ்சு கொடுப்பார்" என்று வழி சொன்னார்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டல் மண்ணில் அச்செடுத்து, பித்தளையை உருக்கி வார்த்து, அடிப்பாகம், தண்டு, தட்டு, முகப்பு என்று தனித்தனியாகக் கடைந்து மரையில் பூட்டுவார்கள். விளக்குத் தட்டின் விளிம்பைக் கடையத் தெரிந்த கைக்கு மீட்டர் வளையம் ஒரு பெரிய வேலையில்லை.

பட்டறை சின்னது. ஒரு கடைசல் எந்திரம், தரையெல்லாம் பொன்னிறத்தில் பித்தளைச் சுருள். குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, எந்திரத்தை நிறுத்திவிட்டு, "வாங்க சார்" என்றார். எல்லாரும்தான் சார் என்கிறார்கள், நான் கவனிக்கவில்லை. விஷயத்தைச் சொல்லி, வீட்டில் நூல் சுற்றி எடுத்த அளவுச் சீட்டை நீட்டினேன். சுற்றளவை எடுத்து, 3.14ஆல் வகுத்து, மூன்று முறை அளந்து சராசரி போட்டு வைத்திருந்தேன்.

சீட்டை வாங்கிப் படித்துச் சிரித்தார். பிறகு அலமாரியிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்தார். நேராக அளக்கவில்லை. முதலில் இரண்டு தாடையையும் ஒட்டவைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கோட்டைப் பார்த்தார்.

"சுழிப்பிழை பாக்காம அளவு எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க" என்றார். "பத்தாவது 'ஆ' சார். கடைசி பெஞ்ச்."

அப்போதுதான் முகம் தெரிந்தது. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். 50 வயது தாண்டியவரை 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். அப்படித்தான் முதலில் முழுப் பதிவையும் எழுதிப் படித்துக் காட்டினேன். "யாரையோ சொல்ற மாதிரி இருக்கு சார். அவன்னே போடுங்க. பேரு மட்டும் வேணாம்" என்றான். ஆகவே இனி அவன்.

வளையத்தை வண்டியிலேயே வைத்து நாலைந்து இடத்தில் அளந்தான். பழைய குரோம் வளையத்தைக் கழற்ற வேண்டாம், அதன் மேலேயே தொப்பி போல உட்காரும்படி செய்கிறேன் என்றான். ஸ்பீடாமீட்டரைத் திறக்கும் வேலையே அவன் எடுத்துக்கொள்வதில்லையாம். வண்டி விற்கிறவர்கள் சிலர் ஓடிய கிலோமீட்டரைக் குறைக்கச் சொல்லி வருவார்களாம், அதனால் அந்தப் பக்கமே போவதில்லை என்றான். அம்மீட்டருக்கு மட்டும் வேறு வழியில்லை. தண்ணீர் போயிருக்கிறது, திறந்துதான் ஆக வேண்டும். பேட்டரி ஒயரை முதலில் கழற்றினான். வண்டியின் கரண்ட் அம்மீட்டர் வழியாகத்தான் போகிறது, ஒரு ஸ்பானர் தவறிப் பட்டால் ஒயர் எரிந்துவிடும். ஹெட்லைட்டைக் கழற்றி, டூமுக்குள் கையை விட்டு, அம்மீட்டரை எடுத்து மேசையில் துணி விரித்து வைத்தான். சின்ன ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தான். வளையத்தின் மடிப்பில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"திறக்கட்டுமா சார்?"

வேறு எதையும் மனதில் வைத்து அவன் கேட்டதாக எனக்குத் தோன்றவில்லை. யார் பொருளைத் திறந்தாலும் கேட்டுவிட்டுத் திறப்பது அவன் வழக்கமாக இருக்கலாம். நான் "ம்" என்று தலையாட்டினேன். வாயிலிருந்து வார்த்தை வரவில்லை.

1987 'ஆ' பிரிவு மாணவர்களே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் ஆய்வகத்தில் வேலை செய்த அம்மீட்டர் மூன்றுதான். அதில் ஒன்றில் முள் சிக்கிக்கொண்டது. செய்முறைக்கு நேரமாகிறது என்று நான் எரிச்சலில் இருந்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், மேசையில் அந்த அம்மீட்டர் திறந்து கிடந்தது. கண்ணாடி தனியாக, வளையம் தனியாக. பக்கத்தில் அவன். கையில் ஒரு ஊக்கு.

ஏன் திறந்தாய் என்று நான் கேட்கவில்லை. பிரம்பை எடுத்தேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை. "அரசாங்கச் சொத்தை உடைக்கிறவன் நாளைக்கு எதையும் செய்வான், இனி ஆய்வகத்துப் பக்கம் வராதே" என்று உங்கள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அடுத்த நாள் அவன் அப்பாவை வரச்சொன்னேன். விளக்குப் பட்டறையில் வார்ப்பு வேலை செய்தவர். சட்டையெல்லாம் கரி. 90 ரூபாய் கட்டச் சொன்னேன். முதலில் 50, அடுத்த மாதம் 40 என்று இரண்டு தவணையாகக் கட்டினார். அரையாண்டுப் பரீட்சைக்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை.

உங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தெரியாததை இப்போது சொல்கிறேன்.

வருஷக் கடைசியில் இருப்புக் கணக்கு எடுக்கும்போது, அந்த அம்மீட்டரைப் போட்டுவைத்த அட்டைப்பெட்டி கையில் கிடைத்தது. சும்மா பார்க்கலாமே என்று ஒரு மின்கலத்தோடும் ஒரு மின்தடையோடும் இணைத்தேன். முள் வழுக்கிக்கொண்டு போய் அளவில் நின்றது. எடுத்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பியது. பத்து முறை செய்து பார்த்தேன், பத்து முறையும் சரி. நான் உள்ளே நுழைவதற்கு முன்பே அவன் முள்ளை விடுவித்துவிட்டான். மூடுவது மட்டும்தான் பாக்கியாக இருந்திருக்கிறது. கண்ணாடியை வைத்து வளையத்தை நானே அமுக்கி மூடினேன். இருப்புப் பதிவேட்டில் "நல்ல நிலையில்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கு நாச்சியார்கோயிலுக்கு ஒரு பஸ் பிடித்திருக்கலாம். 90 ரூபாயை என் கையிலிருந்தாவது திருப்பிக் கொடுத்து, பையனை அனுப்புங்கள் என்று கேட்டிருக்கலாம். போகவில்லை. வாத்தியார் தப்பு செய்தார் என்று ஊர் பேசுமே என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. அடுத்த வருஷம் போகலாம் என்று நினைத்தேன். அப்புறம் நினைப்பதையும் விட்டுவிட்டேன். 2012இல் ஓய்வுபெற்றபோது எனக்குப் பொன்னாடை போர்த்திப் பேசினீர்களே, "சார் யாரையும் அநியாயமா கண்டிச்சதில்ல" என்று ஒருவர் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்குத் திரும்ப வருகிறேன். வளையத்தின் மடிப்பை ஒரே இடத்தில் நெம்பவில்லை. கொஞ்சம் தூக்கி, கொஞ்சம் நகர்ந்து, மறுபடி கொஞ்சம் தூக்கி, மூன்று சுற்று வந்தான். வளையம் நசுங்காமல் கையோடு வந்தது. உள்ளே ரப்பர் வாஷர் கல்லாக இறுகியிருந்தது. துருப்பொடியை மெல்லிய பிரஷால் தட்டி எடுத்தான். முள்ளைத் தொடவில்லை, வாயால் லேசாக ஊதினான். முள் ஆடியது. சைக்கிள் டியூபில் புது வாஷர் வெட்டிப்போட்டு, கண்ணாடியைத் துடைத்துவைத்து, மரக்கட்டையால் மடிப்பைச் சுற்றிச் சுற்றி அமுக்கினான். நான் ஒரு மாணவன் போல நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று என்னால் பேச முடியவில்லை. வளையம் அடுத்த வாரம் தருவதாகச் சொன்னான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் தூங்கவில்லை. மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை அவளிடமும் சொன்னதில்லை. "வளையம் வாங்கப் போறப்ப சொல்லிடுங்க. சொல்லாம வந்தீங்கன்னா அப்புறம் அந்த வண்டியில நான் உட்கார மாட்டேன்" என்றாள்.

போனேன். முதலில் வார்த்த வளையத்தில் கடைசிக் கடைசலின்போது ஒரு பொத்தல் தெரிந்ததாம். உருக்குகிற பித்தளையோடு அதைப் போட்டுவிட்டு, வேறு ஒன்று வார்த்துக் கடைந்திருந்தான். பித்தளையை முழுக்கப் பளபளப்பாக்கினால் குரோமில் பட்ட அதே பாடுதான். உப்புத்தாளால் கோடு இழுத்தாலும் வெயிலில் ஒரு கீற்று ஓடும். அதனால்தான் உள்சரிவு முழுவதும் மங்கல் கறுப்பு, வெளி விளிம்பில் மட்டும் ஒரு நூல் அளவு பித்தளை. பழைய வளையத்துக்கும் புதியதற்கும் நடுவில் மெல்லிய ரப்பர் கொடுத்திருந்தான். புல்லட்டின் ஆட்டத்துக்கு அது இல்லாவிட்டால் கடகடவென்று சத்தம் வரும். "அதோட சார், பித்தளையும் இரும்பும் ஈரத்துல ஒட்டியிருந்தா இரும்பைத் தின்னுடும்" என்றான். இரண்டு உலோகமும் நடுவில் ஈரமும் சேர்ந்தால் மின்கலம் என்று நான் நடத்திய பாடம்தான். அவன் கையால் கற்றிருக்கிறான்.

மாட்டி முடித்ததும் சொன்னேன். பதிவேட்டில் எழுதியது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். கைத்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே கேட்டான். சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் இருந்தான்.

"முள்ளு ஓடுச்சா சார்?" என்று கேட்டான்.

"ஓடுச்சுப்பா. அன்னைக்கே ஓடுச்சு."

"எனக்குத் தெரியும் சார். மூடிட்டு உங்ககிட்ட காட்டலாம்னு இருந்தேன்." அப்புறம் சொன்னான்: "அடி எனக்கு ஞாபகமே இல்ல சார். எல்லா வாத்தியாரும்தான் அடிச்சாங்க. அப்பா ரெண்டு தவணையா கட்டினாருல்ல, அதுதான் போகல. அவரு கடைசி வரைக்கும் நான் ஒடைச்சேன்னுதான் நெனச்சிருந்தாரு."

அவன் அப்பா இறந்து பல வருஷமாகிறது. இதற்கு என்னிடம் பதில் இல்லை. மன்னித்துவிடு என்று கையைப் பிடித்தேன். பித்தளை வாசம் அடிக்கும் கை. "விடுங்க சார்" என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

90 ரூபாய் விஷயத்தை எடுத்தேன். இன்றைய மதிப்புக்குச் சேர்த்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். அப்படியானால் வளையத்துக்காவது இரண்டு மடங்கு வாங்கிக்கொள் என்றேன். அதற்கும் ஒப்பவில்லை. "கூலி 1,400 சார். அம்மீட்டர் வேலையும் சேர்த்து. எல்லாருக்கும் வாங்குறதுதான்" என்றான். எண்ணிக் கொடுத்தேன், எண்ணி வாங்கிக்கொண்டான்.

அவன் படித்திருந்தால் எஞ்சினியராகியிருப்பான் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. பள்ளியை விட்டு, கோயம்புத்தூரில் ஆறு வருஷம் லேத் பட்டறையில் இருந்து தொழில் கற்று, ஊருக்குத் திரும்பி நல்லபடியாக இருக்கிறான். என்னவாகியிருப்பான் என்று எனக்குத் தெரியாது. படிப்பதா வேண்டாமா என்பதை அவன் முடிவு செய்திருக்க வேண்டும். அவனுக்குப் பதிலாக ஒரு மத்தியானத்தில் நான் முடிவு செய்துவிட்டேன். அதுதான் என் தப்பு. கருவியில் சுழிப்பிழை இருந்தால் எடுக்கிற அளவெல்லாம் தப்பாகத்தான் வரும் என்று சொல்லிக்கொடுத்தவன் நான். கடைசி பெஞ்ச், கரிச்சட்டை அப்பா, கையில் ஊக்கு என்று பார்த்ததும் உடைத்தவன் இவன்தான் என்று அளந்துவிட்டேன். என் முள் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

நடந்தது உங்கள் முன்னால். ஆகவே உங்கள் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். 'ஆ' பிரிவுப் பிள்ளைகளே, அன்று அவன் எதையும் உடைக்கவில்லை. சிக்கியிருந்ததைச் சரிசெய்தான். தப்பு செய்தது நான். அந்த வகுப்பில் இருந்து, பிறகு அவனை அந்தக் கண்ணோடு பார்த்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். உங்களில் இப்போது ஆசிரியராக இருப்பவர்கள், ஒரு பிள்ளை எதையாவது திறந்துவைத்திருந்தால், ஏன் திறந்தாய் என்று முதலில் கேளுங்கள்.

அன்று ஐந்து மணி வெயிலில் நாச்சியார்கோயிலிலிருந்து திரும்பினேன். சூரியன் முகத்துக்கு நேரேதான் இருந்தது. தொப்பியை இறக்கினேன், அவ்வளவுதான். வளையத்திலிருந்து ஒரு பொட்டு வெளிச்சம்கூடக் கண்ணில் விழவில்லை. அம்மீட்டர் முள் விளக்கைப் போட்டதும் சாய்ந்து, வேகம் எடுத்ததும் நிமிர்ந்தது. மகனுக்குப் போன் செய்து, பகலில் மட்டும், ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறேன் என்று சமாதானம் பேசியிருக்கிறேன். மனைவி நேற்று பின்னால் உட்கார்ந்து கோயிலுக்கு வந்தாள்.

வளையம் வேண்டும் என்று கேட்டவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். அவனிடம் கேட்டுவிட்டு வழி சொல்கிறேன். ஆனால் வண்டியை நேரில் கொண்டுபோக வேண்டும். போனில் அளவு சொன்னால் வாங்க மாட்டான்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்